நானும் ஒரு கலெக்டர்தான்!

பையன் கலெக்டராக வேண்டும் என்பது எங்கப்பாவின் நெடுநாள் ஆசை. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். ஜீப்பில் வந்து இறங்கிய எத்தனையோ கலெக்டர்களுக்கு எழுந்து நின்றவர். மகனுக்கும் ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டால் ஜென்மம் சாபல்யம் என்று நினைத்தார். நான் பி.காம். முடித்து, சிவில் சர்வீஸ் பிரிலிமினரியில் இரண்டு தடவை பிரியாவிடை பெற்று, ஒரு ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் பெரியவர்கள் ஆசை வீண் போகுமா? இன்றைக்கு நான் கலெக்டர்தான். வாட்ச் கலெக்டர்!

மொத்தம் 27 வாட்ச். இது நிஜக் கணக்கு. தர்மபத்தினியிடம் ஒப்புக்கொண்ட கணக்கு ஒன்பது. மீதி பதினெட்டையும் 'பேலன்ஸ் ஷீட்டில் வராத ஐட்டம்' என்று காமர்ஸ் படித்தவர்கள் நாசூக்காகச் சொல்வோம். ஆபீஸ் டிராயரில் ஏழு, பழைய ஷூ டப்பாவில் ஆறு, இன்கம்டாக்ஸ் ஃபைலுக்குப் பின்னால் ஐந்து. (அந்த ஃபைலை எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள், நான் உள்பட.)

எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்து சீட் நண்பர். திங்கட்கிழமை ஒரு வாட்ச், செவ்வாய்க்கிழமை ஒரு வாட்ச் என்று தினம் ஒன்றாகக் கட்டி வருவார். ஒருநாள் சாயங்காலம், "மணி என்ன சார்?" என்று கேட்டேன். இடது கையை ஸ்டைலாக மடக்கி, சட்டைக் கையை ஒரு இஞ்ச் மேலே தள்ளி, வாட்ச்சை எனக்கு நன்றாகக் காட்டினார். பிறகு வலது கையால் பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்து, "அஞ்சு நாற்பது" என்றார்.

"அப்ப கையில இருக்கிறது?"

"இது ஓடலை சார். இன்னிக்கு இதோட முறை, அதனால கட்டிட்டு வந்தேன். சாவி கொடுத்து டைம் வைக்க எல்லாம் யாருக்கு நேரம் இருக்கு?"

வாட்ச் கட்டுவதற்கும் மணி பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்கிற ஞானம் எனக்கு அன்றைக்குத்தான் பிறந்தது. போதி மரத்துக்குப் பதில் ஃபோட்டோகாப்பி மெஷின்.

உலகம் பூராவும் இந்த வியாதிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கிற பெயர் 'வாட்ச் இடியட் சவான்ட்'. அதாவது வாட்ச் விஷயத்தில் மேதை, மற்ற விஷயத்தில் அசடு. இந்தப் பட்டத்தில் பாதியை நம் வீட்டில் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். மீதிப் பாதிக்குத்தான் செலவு.

மேதை ஆவதற்கு முதல் பாடம்: விலை ஏற ஏற வாட்ச் தப்பாக மணி காட்டும். நான் ஜோக் அடிக்கவில்லை. கேசியோவில் எஃப்-91டபிள்யூ என்று ஒரு பிளாஸ்டிக் வாட்ச். 1989-ல் வந்தது, இன்னும் விற்கிறார்கள். மாதத்துக்கு முப்பது வினாடி முன்னே பின்னே போகும் என்று கம்பெனியே சொல்கிறது. பல லட்சத்துக்கு விற்கும் ரோலக்ஸ்காரர் பெருமையாகச் சொல்வது, ஒரு நாளைக்கு இரண்டு வினாடிக்கு மேல் தப்பாது என்று. முப்பது நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள். லட்சங்கள் கொடுத்தவர் ஒரு நிமிஷம் லேட்டாக வரலாம், ஆயிரத்துச் சொச்சம் கொடுத்தவர் அரை நிமிஷம்தான் லேட்டாக வரலாம்.

காரணம் சிம்பிள். பேட்டரி வாட்ச்சுக்குள் இருக்கிற குவார்ட்ஸ் துண்டு வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. எச்.எம்.டி. ஜனதா மாதிரி சாவி கொடுக்கிற வாட்ச் வினாடிக்கு ஐந்தே தடவைதான் துடிக்கும். இந்தக் குவார்ட்ஸை ஜப்பானின் சீகோ கம்பெனி கைக்கடிகாரத்துக்குள் அடக்கி விற்பனைக்கு விட்ட நாள் 1969 டிசம்பர் 25. சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கு அப்படி ஒரு கிறிஸ்துமஸ் பரிசை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கொடுத்ததில்லை. பத்துப் பதினைந்து வருஷத்தில் அங்கே ஏகப்பட்ட கம்பெனிகள் படுத்துவிட்டன. மீதி இருந்தவர்கள்தான் கூடிப் பேசி, 'இனிமேல் நாம் விற்கப்போவது மணி இல்லை, கௌரவம்' என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

கௌரவம் பலவிதம். எங்கள் நண்பரிடம் 200 மீட்டர் ஆழம் வரை தாங்கும் கடல் வாட்ச் ஒன்று இருக்கிறது. ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது அதைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். "தண்ணி பட்டா லெதர் ஸ்ட்ராப் வீணாயிடும் சார்!" இந்த ஜாதிக்கு 'டெஸ்க் டைவர்' என்றே பெயர் இருக்கிறது. மேஜையில் முங்கு நீச்சல். இன்னும் சில வாட்ச்சுகளில் ஹீலியம் வாயு வெளியேற ஒரு தனி வால்வ் உண்டு. கடலுக்கடியில் நாள் கணக்கில் குடியிருந்து வேலை பார்ப்பவர்களுக்காகச் செய்தது. அதைக் கட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து டேக்கிமீட்டர். சந்திரனுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மாதிரி வாட்ச்சுகளில் டயலைச் சுற்றி வளையமாக நம்பர்கள் இருக்குமே, அதுதான். ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது பட்டனை அமுக்கி, அடுத்த கல்லில் மறுபடி அமுக்கினால், முள் எந்த நம்பரில் நிற்கிறதோ அதுதான் நம் வேகம். நானும் ஆசையாக அப்படி ஒன்றை வாங்கினேன். என் ஆபீஸ் பழைய மகாபலிபுரம் ரோட்டில். அமுக்கினேன். முள் ஒரு சுற்று சுற்றி, இரண்டாவது சுற்றும் முடித்து, மூன்றாவது ஆரம்பித்தது. சோழிங்கநல்லூர் சிக்னல் வரவேயில்லை. அப்புறம்தான் பார்த்தேன், அந்த வளையம் 500-ல் ஆரம்பித்து 60-ல் முடிந்துவிடுகிறது. அறுபது கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் ஒரு மனிதன் காலம் தள்ளுவான் என்று அவர்கள் நினைத்தே பார்க்கவில்லை.

மூன்ஃபேஸ் வாட்ச்சை என் மனைவியிடம் காட்டினேன். வளர்பிறை தேய்பிறை எல்லாம் ஒரு சின்ன ஜன்னலில் தெரியும் என்று விளக்கினேன். சமையலறைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கை காட்டி, "இதுல ராகுகாலமும் இருக்கு. மளிகைக் கடைக்காரர் சும்மா கொடுத்தார்" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

ரோலக்ஸில் இன்னொரு கூத்து. காசை எண்ணி வைத்தால் உடனே கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். கிராக்கியான மாடல்களுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. நம் தாத்தா காலத்தில் ஸ்கூட்டருக்கும் டெலிபோனுக்கும் இப்படித்தான் காத்திருந்தார்கள். அதற்கு நாம் வெட்கப்பட்டோம். அதே க்யூவுக்கு சுவிட்சர்லாந்துக்காரர் ஏ.சி. போட்டு, காபி கொடுத்து, பெருமையாக்கிவிட்டார்.

நம் சம்பளத்துக்கு இதெல்லாம் சரிப்படாது என்றதும் நண்பர் காட்டிய வழிதான் எச்.எம்.டி.

இந்த எச்.எம்.டி. கதை தெரியுமோ? 1953-ல் மெஷின் டூல் செய்வதற்காக ஆரம்பித்த அரசாங்கக் கம்பெனி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, பெங்களூரில் வாட்ச் ஃபாக்டரி வைத்தார்கள். முதலில் தயாரான வாட்ச்சுகளை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன், கோஹினூர் என்று பெயர்களே ஒரு ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருக்கும். பரீட்சையில் பாஸானால் எச்.எம்.டி., வேலை கிடைத்தால் எச்.எம்.டி., மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. 1984-ல் நம் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கி, பெங்களூருக்கு வெகு அருகில் ஓசூரில் ஃபாக்டரி வைத்தார்கள். பேட்டரி, அழகு, மொசார்ட் மியூசிக்கோடு டி.வி. விளம்பரம். சாவி கொடுத்துக்கொண்டிருந்த தேசம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. கடைசியில் 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது.

மூடப்போகிறார்கள் என்று 2014-லேயே பேச்சு அடிபட்டதும், அதுவரை திரும்பிப் பார்க்காத ஜனங்கள் எல்லாம் விழுந்தடித்து வாங்கினார்கள். இருக்கும்போது ஒரு வாய் காபி கொடுக்காத பிள்ளை, திவசத்துக்கு வடை பாயசம் போடுவான் பாருங்கள், அந்த மாதிரி.

நானும் என் பங்குக்கு ஒரு பைலட் வாங்கினேன். கறுப்பு டயல், வெள்ளை நம்பர், மிலிட்டரி ஆசாமி மாதிரி மிடுக்கு. 1,400 ரூபாய், கூரியரில் வந்தது. நேற்றுத்தான் ஃபாக்டரியில் செய்த மாதிரி பளபளப்பு. மனைவி கையில் வாங்கிப் பார்த்தாள். டயலில் இருந்த எழுத்தைப் படித்தவள் முகம் மலர்ந்தது.

"ஏங்க, பதினேழு ஜுவல்ஸ்னு போட்டிருக்கே! நகையா? எங்க இருக்கு?"

"உள்ளே இருக்கு. சக்கரத்தோட முனை தேயாம இருக்க, செயற்கை மாணிக்கக் கல்லுல சின்னச் சின்னதா குழி செஞ்சு..."

"வித்தா என்ன வரும்?"

"ஒண்ணும் வராது."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க வீட்டுக்குக் கொண்டு வந்த பதினேழு நகை!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்துதான் ஷூ டப்பாவின் சேவை தேவைப்பட்டது.

இத்தோடு நின்றிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. அப்பாவின் பிறந்தநாள் வந்தது.

அப்பாவிடமும் ஒரு எச்.எம்.டி. உண்டு. ஜனதா. 1984-ல் மாயவரத்தில் கல்யாணம் நடந்தபோது என் தாய்வழித் தாத்தா, பெங்களூரில் வேலை பார்த்த தூரத்துச் சொந்தக்காரர் மூலம் சொல்லி வைத்து வாங்கிப் போட்டது. அப்பா அதை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டுவார். சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே மணி பார்க்க அதுதான் வசதி. தினம் காலையில் ஏழேகால் ரேடியோ செய்தி ஆரம்பிக்கும்போது சாவி கொடுப்பார். சின்ன வயசில் எனக்கு அந்த 'கிர்ர் கிர்ர்' சத்தம் கேட்டால்தான் விடிந்த மாதிரி. என் பைலட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ரிடையர்டு ஆசாமி மாதிரி இருந்தது. கண்ணாடி முழுக்கக் கீறல். டயல் மஞ்சளித்து, நடுவில் எங்கோ அழுக்கு.

"சர்வீஸ் பண்ணிட்டு வர்றேம்ப்பா" என்று வாங்கி வந்து, சென்னையில் ஒரு ஏ.சி. கடையில் கொடுத்தேன். (பெயர் வேண்டாம். நல்ல கூட்டம் வருகிற கடை.) கவுன்டரில் இருந்தவர் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "முழுசா நியூ லுக் கொடுத்துடலாம் சார். கேஸ் பாலிஷ், புதுக் கண்ணாடி, புது டயல். 850 ஆகும்" என்றார். மேதை அல்லவா நான்? "பண்ணுங்க, அப்பாவுக்கு சர்ப்ரைஸ்!" என்றேன்.

மாயவரத்தில் அப்பா அதைக் கையில் வாங்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இருக்குடா. யாரோடது?"

"உங்களோடதுதாம்ப்பா!"

"நாலு மணிகிட்ட ஒரு கறை இருக்குமே?"

"அதெல்லாம் எடுத்தாச்சுப்பா, சுத்தமா!" என்றேன், பரிசு வாங்கப்போகிற பையன் மாதிரி.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ஒன்றரை வயசில் ஒரு ராத்திரி ஜுரம் ஏறி உடம்பு தூக்கிப்போட்டதாம். ஐப்பசி மழை. பஸ் இல்லை. அம்மா சைக்கிள் கேரியரில் என்னைப் புடவைக்குள் சுற்றிப் பிடித்துக்கொள்ள, அப்பா ஐந்து மைல் மிதித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். நாடி பார்க்க நர்ஸ் கையில் வாட்ச் இல்லை. அப்பா தன் வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். "உள்ளே தண்ணி போய் கண்ணாடி பூரா ஆவி. அந்தம்மா ஒரு நிமிஷம் எண்ணிச்சு. எனக்கு ஒன்னைப் பார்க்கிறதா, முள் நின்னுடுமோன்னு அதைப் பார்க்கிறதான்னு தெரியலை. நிக்கலை. அந்தத் தண்ணி காஞ்ச கறைடா அது."

வாட்ச்சை டப்பாவில் வைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். கோபமெல்லாம் இல்லை. "நல்லாத்தான் பண்ணியிருக்காங்க" என்று இன்னொரு தரம் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

சென்னைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடைக்கு ஓடினேன். "பழைய டயலா? அதெல்லாம் வெச்சிருக்க மாட்டோம் சார். ஒருத்தர் வருவாரு, ஸ்க்ராப்பை மொத்தமா எடை போட்டு எடுத்துட்டுப் போயிடுவாரு." யார் அவர்? தெரியாது. எங்கே போகும்? தெரியாது. 'நியூ லுக்'குக்கு ரசீது மட்டும் பத்திரமாக இருந்தது.

நண்பர் என்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு பாயிடம் கூட்டிப் போனார். மாடிப்படிக்கு அடியில் கடை. பாய் எழுந்து நின்றால் தலை இடிக்கும், அதனால் நாற்பது வருஷமாக உட்கார்ந்தே இருக்கிறார். கண்ணில் சின்ன லென்ஸை இடுக்கிக்கொண்டு முதலில் என் பைலட்டைப் பார்த்தார். பார்க்கும்போதே வயிறு குலுங்கியது.

"தம்பி, இது பம்பாய் பெயின்ட்டு."

அதாவது, பழைய டயலைச் சுரண்டி வழித்து, புதுசாகப் பெயின்ட் அடித்து, மேலே எழுத்தை அச்சடித்துவிடுவது. உள்ளே மிஷின் ஒரு வாட்ச்சினுடையது, மூடி இன்னொன்றினுடையது, முள் வேறொன்றினுடையது. கலெக்டர்கள் இதற்கு 'ஃபிராங்கன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பல பிணங்களை ஒட்டுப்போட்டுச் செய்த அந்த ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தின் பெயர். எழுத்து தடித்திருக்கும், நிமிஷக் கோடும் நம்பரும் நேர்கோட்டில் நிற்காது, சில சமயம் கம்பெனி கனவிலும் நினைக்காத கிளிப்பச்சையில் டயல் இருக்கும். பாய் காட்டக் காட்ட எனக்கும் தெரிந்தது. 1,400 ரூபாய்க்கு நான் வாங்கியது ஒரு கூட்டுக் குடும்பம்.

பிறகு அப்பா வாட்ச் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "பழைய டயலைப் போய் மாத்துவாங்களா தம்பி? கறை இருந்தா இருந்துட்டுப் போவுது. ஒரிஜினல்னா கறையோடதானே ஒரிஜினல்?"

அவர் சொன்னதைத்தான் பணக்கார கலெக்டர்கள் இங்கிலீஷில் 'பாட்டினா' என்கிறார்கள். வெயிலிலும் ஈரத்திலும் பழுப்பேறிய டயலுக்கு 'ட்ராபிகல்' என்று பட்டம் கொடுத்து, கூடுதலாகப் பணம் கொடுக்கிறார்கள். பாலிஷ் போட்டால் விலை இறங்கும். டயலை மாற்றினால் கேட்கவே வேண்டாம். ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் ஒன்றே முக்கால் கோடி டாலருக்கு மேல் போனது. அன்றைய மதிப்பில் நம் பணம் சுமார் 115 கோடி. அதன் முதுகில் 'ஜாக்கிரதையாக ஓட்டுங்கள்' என்று அவர் மனைவி பொறித்துக் கொடுத்திருந்தார். மனுஷன் கார் ரேஸ் பைத்தியம். அந்த வாட்ச்சை நியூமன் ஒருநாள், மகளின் சிநேகிதன் கையில் வாட்ச் இல்லையே என்று சாதாரணமாகக் கழற்றிக் கொடுத்துவிட்டார். வருஷம் 1984. அதாவது மாயவரத்தில் என் தாத்தா மாப்பிள்ளைக்கு ஜனதா போட்ட அதே வருஷம். அந்த அமெரிக்கப் பையனுக்கு, முதுகைப் பாலிஷ் போட்டு மனைவியின் எழுத்தை அழித்துவிடலாம் என்று தோன்றவில்லை. அவன் பி.காம். படிக்கவில்லை போலிருக்கிறது.

காமர்ஸில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. வருஷத்துக்கு இவ்வளவு சதவீதம் என்று கழித்துக்கொண்டே வந்தால் அப்பாவின் வாட்ச் எப்போதோ பூஜ்யம் ஆகியிருக்கும். நான் அதற்கு 850 ரூபாய் செலவழித்தல்லவா பூஜ்யமாக்கினேன்!

அதற்குப் பிறகு நான் வாங்கியதெல்லாம் ஜனதாதான். பதினோரு ஜனதா. ஏதாவது ஒன்றில் அப்பாவின் டயல் உட்கார்ந்து வராதா என்று. ஸ்க்ராப்காரர் எடை போட்டு எடுத்துப்போனது யார் கைக்காவது போய், யாராவது இன்னொரு வாட்ச்சில் பொருத்தி விற்கத்தானே வேண்டும்? ஒவ்வொரு பார்சலையும் ஆபீஸ் பாத்ரூமில் ஒளிந்து பிரித்தேன். பன்னிரண்டில் கறை, ஏழில் கறை, டயல் பூரா அம்மைத் தழும்பு மாதிரி கறை. ஒன்று மட்டும் மாசுமருவில்லாமல் வந்தது. மற்ற கலெக்டர்கள் அதற்குப் பெட்டி செய்து வைத்திருப்பார்கள். நான் வாய்விட்டுத் திட்டினேன்.

பாயும் தன் பங்குக்கு ஒரு பிஸ்கெட் டின்னைக் கவிழ்த்தார். நூறு டயலாவது இருக்கும். ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு பயம் வந்தது. நான் தேடுகிற கறை எப்படி இருக்கும்? வட்டமா, நீளமா? நாலுக்கு மேலேயா, கீழேயா? பழைய ஆல்பத்தை எடுத்துத் தேடினேன். எல்லா போட்டோவிலும் அப்பாவின் கை இருக்கிறது, வாட்ச் உள்பக்கம் திரும்பி இருக்கிறது. ஸ்பீட்மாஸ்டரின் வளையத்தில் எந்த நம்பரில் ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் கண்ணெதிரே இருந்த டயல் ஞாபகமில்லை.

அம்மா போனில் சொன்னாள்: "ஒங்கப்பா இப்பல்லாம் வெறுங்கையைத் திருப்பிப் பார்த்துட்டு மணி சொல்றார்டா. அதுவும் சரியா இருக்கு."

போன தையில் ஒருநாள் ராத்திரி, செல்போனில் பழைய சாமான் விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 'எச்.எம்.டி. ஜனதா. ஒரிஜினல் டயல். அபூர்வமான ட்ராபிகல் பாட்டினா.' வெள்ளை டயல், வலது பக்கம் கீழே மிளகு அளவில் பழுப்புக் கறை. விலை 4,500.

கறைக்குப் பணம்! நான் 850 கொடுத்து எடுக்கச் சொன்ன கறையை எவனோ 4,500 ரூபாய்க்கு விற்கிறான். லாபமா நஷ்டமா, இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"என்ன பார்க்கிறீங்க?" மனைவி முழித்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஏ.சி. கடை, நர்ஸ், சைக்கிள், எல்லாம். கடைசியாகத் தயங்கித் தயங்கி, "நம்மகிட்ட ஒன்பது இல்லை..." என்று ஆரம்பித்தேன்.

"இருபத்தாறு" என்றாள். "ஷூ டப்பாவை யார் தூசி தட்டுறாங்கன்னு நினைச்சீங்க? அதை வாங்குங்க. பேரம் பேசாதீங்க, வேற எவனாவது எடுத்துடப் போறான்."

வந்தது. பாய் அதிலிருந்து டயலைப் பூப்போலக் கழற்றி, அப்பாவின் வாட்ச்சில் பொருத்திக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. "அப்பா என்ன சொன்னாருன்னு மட்டும் வந்து சொல்லு" என்றார்.

குடும்பத்தோடு மாயவரம் போனோம். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஜன்னலோரம் போனார். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிரிலிமினரி ரிசல்ட்டுக்குக்கூட அப்படி நிற்கவில்லை.

"இது அஞ்சு மணிகிட்ட இருக்குடா. நம்மளது நாலு."

எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பா இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ ஒருத்தர் நனைஞ்சிருக்கார், பாவம். அவர் புள்ளை தேடிக்கிட்டிருப்பான். விசாரிச்சுத் திருப்பிக் குடுத்துடு."

"எப்படிப்பா விசாரிக்கிறது?"

"நீதான் கலெக்டராச்சே?" என்று மருமகளைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் அத்தையிடம் போனிலேயே சொல்லியிருக்கிறாள்!

பிறகு கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் சாவி கொடுத்தார். கிர்ர்... கிர்ர்... "அதுவரைக்கும் நான் கட்டிக்கிறேன். சும்மா வெச்சா உள்ளே எண்ணெய் காஞ்சு போயிடும்." மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டு, ரேஷன் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் யாரிடமாவது எச்.எம்.டி. ஜனதா இருந்து, வெள்ளை டயலில் ஐந்து மணிக்கு உள்பக்கமாக மிளகு அளவு பழுப்புக் கறை இருந்து, அதை நீங்கள் ஆசை ஆசையாக எந்தக் கடையிலாவது கொடுத்துப் புதுசாக்கியிருந்தால், கவலைப்படாதீர்கள். பத்திரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. காலை ஏழேகாலுக்குச் சாவி கொடுக்கப்படுகிறது. நாலு மணிக் கறை உங்களிடம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். 4,500 வேண்டாம். அந்த 850-ம் வேண்டாம்.